மறித்தால் பாதுகாப்பு வந்துவிடுமா? வெளிநாட்டு வீட்டுப் பணி பற்றிய கேள்வி பதில்

இலங்கையிலிருந்து வீட்டுப் பணிக்காக வெளிநாடு போவது பற்றியும், அதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் விதிகள் பற்றியும் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது. நான் அரச உத்தியோகத்தர் அல்ல. சின்னப் பிள்ளை உள்ள தாய்மாரை மறிக்கும் விதியை எதிர்ப்பவள். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் அப்படிப் போகும் பெண்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தும், முறைப்பாடு எழுதிக் கொடுத்தும் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சங்கானையிலிருந்து ஒரு தாய்: அக்கா, எனக்கு 26 வயது. மகளுக்கு நான்கு, மகனுக்கு ஒன்றரை. நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிறார்கள். விசிட் விசாவில் டுபாய்க்குப் போனால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவும் வேண்டாம், பிள்ளைகளின் விபரமும் வேண்டாம், மூன்று இலட்சம் முற்பணமும் தருவேன் என்கிறார் ஒருவர். போகட்டுமா?

போகாதீர்கள், தங்கச்சி.

சட்டப்படி போக இன்று உங்களுக்கு வழி இல்லை என்பது உண்மைதான். 2013ஆம் ஆண்டு நடுப்பகுதியில் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறை வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டுப் பணிக்குப் போக முடியாது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால், அவர்களை யார் பார்ப்பது என்பதை உறுதிப்படுத்த வேண்டும். 2022இல் அந்த ஐந்து வயது இரண்டாக இறங்கியது. உங்கள் மகனுக்கு இன்னும் இரண்டு ஆகவில்லை. காத்திருக்க முடியாத அந்தச் சில மாதங்களில்தான் இப்படியான ஆட்கள் வாசலுக்கு வருவார்கள்.

விசிட் விசாவில் போகிறவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி அல்ல, சுற்றுலாப் பயணி. பணியகத்தில் ஒப்பந்தம் இராது, காப்புறுதி இராது. டுபாயில் இறங்கிய பிறகு எந்த நாட்டுக்கு, எந்த வீட்டுக்கு என்பது உங்கள் கையில் இல்லை. 2022 நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்த ஓமான் விவகாரத்தில் நடந்தது இதுதான். சுற்றுலா விசாவில் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்கள், தாங்கள் விலை பேசி விற்கப்பட்டதாகச் சொன்னார்கள். அங்கிருந்த எங்கள் தூதரகத்தின் அதிகாரி ஒருவரே அந்த விசாரணையில் கைதானார். காப்பாற்ற வேண்டிய கதவும் அடைபட்டால் அந்தப் பெண் யாரிடம் போவாள்?

முற்பணத்தைப் பற்றியும் விளங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள வீட்டுக்காரர் முகவருக்குக் கட்டும் தொகையில் ஒரு துண்டுதான் அந்த மூன்று இலட்சம். இரண்டாம் மாதத்தில் தாங்க முடியாமல் "என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள்" என்று கேட்டால், "நான் கட்டியதைத் தந்துவிட்டுப் போ" என்பார்கள். இங்கே அதே தொகையைக் கேட்டு உங்கள் அம்மாவின் வாசலில் முகவரின் ஆள் நிற்பார். அடி வாங்கிக்கொண்டும் திரும்பி வராமல் இருந்த பெண்களிடம் "ஏன் பிள்ளை வரவில்லை?" என்று கேட்டிருக்கிறேன். அனேகமாக எல்லோருடைய பதிலிலும் இந்த முற்பணம் இருந்தது.

கடனுக்கு இப்போது செய்யக்கூடியது: ஒரு கம்பனியின் தவணையைக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தவணையை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கடன் கொடுத்தது மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமாக இருந்தால், 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். மகனுக்கு இரண்டு வயது ஆன பிறகும் போகத்தான் வேண்டும் என்று நினைத்தால், அதே செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். முகவரைப் பார்ப்பதற்கு முன்னர் அவரைப் பாருங்கள்.

பருத்தித்துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: தாய் வெளிநாடு போன பிள்ளைகள் பாழாகிப் போனதை வகுப்பறையில் கண்டவன் நான். இந்தக் கட்டுப்பாட்டை நீங்கள் எதிர்ப்பது எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகளை யார் பார்ப்பது?

ஐயா, நீங்கள் கண்டதை நானும் கண்டிருக்கிறேன். அம்மம்மாவுக்குக் கண் தெரியாமல், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சோறு கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வருவதும், கடைசியில் வராமலே விடுவதும் பொய்யல்ல. அந்தக் கவலையை நான் தட்டிக்கழிக்க மாட்டேன்.

ஆனால் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பிரதேச செயலகத்தின் விறாந்தையில் ஒரு வாங்கில் கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவனின் மடியில் மூன்று வயதுப் பெண்பிள்ளை. அவர் கட்டட வேலைக்குக் கட்டார் போக ஆயத்தம். அவருடைய பத்திரங்கள் எல்லாம் சரி. மனைவி வீட்டுப் பணிக்கு விண்ணப்பிக்க வந்திருந்தாள். அப்போது ஐந்து வயது விதி இருந்த காலம். "இந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக உனக்கு மனம் வருகிறதா?" என்று அவளிடம் கேட்டார்கள். பிள்ளையை மடியில் வைத்திருந்தவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனது எதிர்ப்பு அந்த இடத்தில் இருக்கிறது. பிள்ளையின் நலன் தான் நோக்கம் என்றால், தகப்பன் போகும்போதும் அதே கேள்வி வர வேண்டும். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழுவும் 2017இல் இந்த அறிக்கை முறையை நீக்கும்படி இலங்கையிடம் கேட்டது.

விதியால் என்ன விளைந்தது என்றும் பார்க்க வேண்டும். 1990களில் பணியகத்தில் பதிந்து போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2012இல் அது ஏறத்தாழப் பாதி. விதி வந்து சில வருடங்களில் மூன்றிலொன்று அளவுக்கு வந்துவிட்டது. பதிவேட்டில் குறைந்த பெண்கள் எல்லோரும் வீட்டிலிருந்து பிள்ளை வளர்த்தார்கள் என்று நினைக்கிறீர்களா? வீட்டில் அரிசி இல்லாத நிலையை எந்தச் சுற்றறிக்கையும் மாற்றவில்லை. ஒரு பகுதியினர் விசிட் விசாவில் போனார்கள். சிலர் பிள்ளை இல்லை என்று பொய்ப் பத்திரம் எடுத்துப் போனார்கள். அப்படிப் போன தாயின் பிள்ளையை எந்த உத்தியோகத்தரும் போய்ப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அந்தப் பிள்ளை பதிவேட்டிலேயே இல்லை.

நீங்கள் சொல்லும் பிள்ளைகளுக்காகச் செய்ய வேண்டியவை வேறு. முன்பள்ளிக்குப் பிறகும் பின்னேரம் வரை பிள்ளைகளை வைத்திருக்கும் பராமரிப்பு நிலையம், பாடசாலையில் அந்தப் பிள்ளைகளின் பட்டியலை வைத்துக் கவனிக்கும் ஓர் ஆசிரியர், பிள்ளையின் பெயரில் மாதாமாதம் தனியாகச் சேரும் ஒரு தொகை. முதல் இரண்டில் உங்களைப் போன்றவர்களின் கை எங்களுக்கு வேண்டும், ஐயா. இதை உண்மையாகவே கேட்கிறேன்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. 2020இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலர். 2021இல் அது 5.5 பில்லியனாகி, 2022இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. 2022 ஜூனில், நாட்டில் டொலர் இல்லாமல் மக்கள் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றபோதுதான் பெண்களின் வயதெல்லையும் பிள்ளைகளின் வயதெல்லையும் தளர்ந்தன. அதற்கு முந்திய ஒன்பது வருடங்கள் பெண்கள் அமைப்புகள் கேட்டபோது தளராத விதி அது. பிள்ளைகளுக்காகவே இருந்த விதி என்றால், டொலர் குறைந்ததும் பிள்ளைகளின் தேவையும் குறைந்துவிட்டதா?

குருநகர்: தங்கைக்கு 20 வயது. வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டு எடுத்துத் தரலாம் என்கிறார்கள். ஒரு வருடம்தானே?

வேண்டாம். இப்போது எல்லா நாடுகளுக்கும் குறைந்த வயது 21. 2022க்கு முன்னர் சவூதிக்கு 25, மற்ற மத்திய கிழக்கு நாடுகளுக்கு 23 என்று இருந்தது. ஒரு வருடம் பொறுத்தால் தங்கை தன் சொந்தப் பிறந்த திகதியோடு போகலாம்.

மூதூரின் றிசானா நபீக்கை மறக்கக் கூடாது. 1988இல் பிறந்த பிள்ளை, 1982 என்று எழுதிய கடவுச்சீட்டோடு 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டாள். அவளிடம் விடப்பட்ட கைக்குழந்தை இறந்ததும் கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. குழந்தை இறந்தபோது தனக்குப் பதினேழு வயது என்பதை அந்தக் கடவுச்சீட்டுக்கு எதிராக அவள் நிறுவ வேண்டியிருந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன் பிறகுதான் சவூதிக்கான வயதை 25 ஆக்கினார்கள். றிசானாவைக் கொண்டுபோன வழி பொய்த் திகதி. வயதெல்லையை எவ்வளவு உயர்த்தினாலும், பொய்த் திகதி போடுகிறவருக்கு அது இன்னும் சில வருடங்களைக் கூட்டி எழுதும் வேலை மட்டும்தான்.

மருதங்கேணியிலிருந்து ஒருவர்: கணவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். கடைசி மகனுக்கு 17 வயது. பிள்ளையின் பாதுகாப்புக்குக் கணவரின் கையொப்பம் கேட்கிறார்கள். இறப்புச் சான்றிதழ் எடுத்துவா என்கிறார்கள். நான் எடுக்க மாட்டேன்.

நீங்கள் எடுக்கத் தேவையில்லை, அம்மா. எடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை. 2016இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். அவர் இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை. பல தாய்மார் அதையும் வேண்டாம் என்கிறார்கள். அந்த முடிவையும் நான் மதிக்கிறேன். அப்படியானால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றைக் கொடுத்து, மகனைப் பொறுப்பேற்கும் உறவினரின் கையொப்பத்தை ஏற்கும்படி கேளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டவுடன் பல மேசைகளில் பேச்சு மாறிவிடும். மாறாவிட்டால், யாழ்ப்பாணத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அந்தக் கடிதத்தோடு அங்கே போங்கள்.

சாவகச்சேரி: எந்த நாட்டுச் சட்டம் நல்லது?

சட்டம் ஏட்டில் இருப்பதும் வீட்டுக்குள் நடப்பதும் வேறு. ஏட்டில் இருப்பதையாவது தெரிந்துகொண்டு போக வேண்டும்.

குவைத் 2015இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே சட்டம் செய்தது: நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை கூடாது, கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு, கடவுச்சீட்டை வீட்டுக்காரர் வைத்திருக்கக் கூடாது. கட்டாரில் 2021 மார்ச் முதல் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் மாதம் 1,000 றியால் அடிப்படைச் சம்பளம் உண்டு. வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் வேலை மாறவும் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. சவூதி அதே 2021 மார்ச்சில் தொழிலாளியை ஒரே முதலாளியோடு கட்டிவைக்கும் ஸ்பொன்சர் முறையைத் தளர்த்தியபோது வீட்டுப் பணியாளர்களை அந்தத் தளர்வில் சேர்க்கவில்லை. லெபனானில் 1946ஆம் ஆண்டின் தொழிற் சட்டமே வீட்டுப் பணியாளர்களை வெளியே வைத்திருக்கிறது.

என்னிடம் கேட்டால், இவற்றில் கட்டாரைச் சொல்வேன். ஆனால் பணியகத்தில் பதிந்த ஒப்பந்தத்தில் உள்ள சம்பளமும், அங்கே போன பிறகு கையொப்பமிடச் சொல்லும் தாளில் உள்ள சம்பளமும் ஒன்றுதானா என்று பாருங்கள். முதல் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து இங்கே ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவி: இவ்வளவு கொடுமை நடக்கிறதென்றால் அரசாங்கம் முற்றாகத் தடை செய்துவிடலாமே?

நேபாளம் அதைச் செய்து பார்த்தது. 2017இல் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குப் போவதைத் தடுத்தது. பெண்கள் இந்தியாவுக்குள் நடந்து போய், அங்கிருந்து விமானம் ஏறினார்கள். தங்கள் நாட்டின் பதிவு இல்லாததால் ஏதாவது நடந்தால் கேட்க ஆள் இல்லாமல் போனார்கள்.

பிலிப்பைன்ஸும் தடை போட்டிருக்கிறது, ஆனால் பேரம் பேசுவதற்காக. 2018இல் குவைத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணின் உடல் குளிரூட்டிப் பெட்டியில் கண்டெடுக்கப்பட்ட பின்னர் ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது. கைத்தொலைபேசி வைத்திருக்கலாம், கடவுச்சீட்டைப் பறிக்கக் கூடாது என்ற உடன்படிக்கையில் அந்த ஆண்டு மே மாதத்தில் குவைத் கையொப்பமிட்ட பிறகே தடை நீங்கியது. அதற்கு முன்னரே, 2006இல், வீட்டுப் பணிக்குக் குறைந்தது 400 டொலர் சம்பளம் என்றும், பெண்களிடம் முகவர் கட்டணம் எடுக்கக் கூடாது என்றும் விதித்திருந்தது. நேபாளம் மறித்தது தன் நாட்டுப் பெண்ணை. பிலிப்பைன்ஸ் நெருக்கியது அங்குள்ள வீட்டுக்காரரையும் அவருடைய அரசாங்கத்தையும். தங்கச்சி, நீங்கள் இதைப் படித்து ஆய்வு செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழில் அமைப்பின் 189ஆம் இலக்கச் சமவாயம் 2011இல் வந்தது. பிலிப்பைன்ஸ் அடுத்த ஆண்டே அதை ஏற்றுக்கொண்டது. இலங்கை இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.

உரும்பிராய்: கனடாவுக்குப் பராமரிப்பாளர் வேலைக்கு 25 இலட்சம் கேட்கிறார்கள். நம்பலாமா?

ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 2025 மார்ச் 31ஆம் திகதி கனடா வீட்டுப் பராமரிப்பாளர்களுக்கான புதிய திட்டத்தைத் திறந்தது உண்மை. அன்று திறக்கப்பட்டது ஏற்கனவே கனடாவுக்குள் இருப்பவர்களுக்கான பிரிவு. இடங்களும் உடனேயே நிரம்பின. உரும்பிராயில் இருப்பவருக்கு அதில் இடம் வாங்கித் தருவேன் என்பவர் உங்கள் காணி உறுதியைத்தான் பார்க்கிறார்.

ஸ்கார்பரோவிலிருந்து ஒருவர்: கொக்குவிலில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்க்க முல்லைத்தீவுப் பெண் ஒருவரை வைத்திருக்கிறோம். நல்ல சம்பளம் கொடுக்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கிறார். அம்மாவைத் தனியே விட முடியாது. என்ன செய்வது?

அவரைப் போக விடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பது போதவே போதாது.

தம்பி, சவூதியில் ஓய்வு நாள் இல்லை என்று நாங்கள் கோபப்படுகிறோம். யாழ்ப்பாணத்தில் ஓய்வு நாளைக் கேட்க ஒரு சட்டம்கூட இல்லை. வீட்டு வேலைக்குக் குறைந்த சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபை இல்லை. ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. வீட்டு வேலைக்காரர்களுக்கென்று இருப்பது அவர்களைப் பதிவு செய்வது பற்றிய 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்; வெள்ளைக்காரன் காலத்தில், எசமானின் வசதிக்காக எழுதியது. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி, கொழும்பில் வேலை செய்த வீட்டில் தீக்காயங்களோடு எடுக்கப்பட்டு மருத்துவமனையில் இறந்தபோது நாடே பேசியது. பேச்சு அடங்கிவிட்டது, சட்டத்தில் இருந்த வெற்றிடம் அப்படியே இருக்கிறது.

உங்கள் அம்மா இரவில் எத்தனை தரம் எழும்புகிறாரோ அத்தனை தரம் அந்தப் பெண்ணும் எழும்புகிறார். மாத்திரை கொடுப்பது, குளிப்பாட்டுவது, சமைப்பது, முற்றம் கூட்டுவது எல்லாம் ஒருவரே. கனடாவில் இதே வேலைக்கு எத்தனை பேரை மாற்றி மாற்றி வைப்பார்கள் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கிழமைக்கு ஒரு முழு நாள், மாதத்தில் ஒரு தடவை தொடர்ந்து இரண்டு நாள், அந்த நாட்களுக்கு ஊரில் இன்னொருவர்: இவ்வளவும் நீங்கள் கொடுக்க வேண்டியது. சம்பளம், விடுமுறை, வேலைகள், சுகவீனம் வந்தால் யார் செலவு, எல்லாவற்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அவருடைய பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, சேமலாப நிதிக்குக் கட்டுவது போல மாதாமாதம் ஒரு பங்கு போடுங்கள். அவரை வைத்திருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் வீட்டில் ஓர் அம்மா இருக்கிறார்.

சுன்னாகம்: கடவுச்சீட்டு எடுக்க இன்னும் கொழும்புக்குப் போக வேண்டுமா?

இல்லை. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலேயே குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டது. இப்போதும் "கொழும்பில் ஆள் பிடித்து எடுத்துத் தருகிறேன்" என்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

வேலணையிலிருந்து ஒரு கணவர்: மனைவி சவூதியில். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, ஒரு மாதமாகத் தொலைபேசியும் இல்லை. முகவரிடம் கேட்டால் "அவள் வீட்டை விட்டு ஓடிவிட்டாள்" என்கிறார். ஊரிலும் அதையே கதைக்கிறார்கள்.

ஊர்க் கதையை விடுங்கள், தம்பி. மூன்று மாதம் சம்பளம் கொடுக்காத வீட்டுக்காரர், பணிப்பெண் ஓடிவிட்டாள் என்று முறையிடுவது அங்கே வழமை. ஹுரூப் என்பார்கள். அது பதிவானதும் சம்பளப் பாக்கி கேட்க வேண்டியவள் பொலிஸாருக்கு ஒளிய வேண்டியவளாகிவிடுவாள். உங்கள் மனைவி உண்மையாகவே வெளியேறியிருந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

முதலில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாட்டைப் பதிந்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கடவுச்சீட்டின் பிரதி, ஒப்பந்தம், விசா, வீட்டுக்காரரின் பெயரும் தொலைபேசி இலக்கமும், கடைசியாகச் சம்பளம் வந்த வங்கிப் பதிவு, அவர் அனுப்பிய கடைசிக் குரல் பதிவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போய் எழுத்திலும் முறையிடுங்கள். குரல் பதிவுகளை ஒருபோதும் அழிக்காதீர்கள். ரியாத்தில் உள்ள தூதரகத்துக்கும் அதே விபரங்களை அனுப்புங்கள். மனைவி இருப்பது ஜித்தா பக்கமென்றால் அங்குள்ள கொன்சியூலர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். முகவர் உரிமம் உள்ளவராக இருந்தால் பணியகம் அவரை விசாரணைக்கு அழைக்கும்; முறைப்பாட்டை மீளப் பெறச் சொல்லிப் பணம் தருவதாகச் சொன்னாலும், மனைவியின் குரலை நேரடியாகக் கேட்கும் வரை எதிலும் கையொப்பமிடாதீர்கள்.

எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் பத்திரங்களோடு என்னிடம் வாருங்கள், சேர்ந்தே எழுதுவோம். 1989க்கு மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள்.